கண்மாய்க்கரையில் ஒரு பம்பாய்க் குடித்தனம்

மதுரையிலிருந்து கடல் பக்கத்தில்தான் என்று முகைதீன் பிச்சை ராவுத்தர் பம்பாயில் வைத்துத் தம் மனைவியிடம் சொன்னார். அறுபது எழுபது மைலுக்குக் குறையாது என்று அவருக்குத் தெரியும். பூகோளம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாளை ரயிலேற்றிக் கூட்டிவர வேறு வழி தோன்றவில்லை என்று பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான், அளவு தெரியாமல் சொல்லிவிடுவார்கள்.

நான் மதுரையில் ஒரு நூல் மில்லில், ஆட்கள் வரும் நேரத்தைக் கணக்கெழுதுகிற டைம் ஆபீஸ் குமாஸ்தா. பெயர் பஞ்சாபகேசன். ராவுத்தர் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் மில்லில் சாயப் பகுதி தொடங்கியது 1934ஆம் வருஷம். அதற்கு மேஸ்திரியாக வரவழைக்கப்பட்டவர்தான் அவர். பிறந்தது மதுரையில், காஜிமார் தெருவில். பதினாறு வயதில் பிழைப்புத் தேடிப் பம்பாய் போனவர், அங்கே ஒரு மில்லின் சாயத் தொட்டிகளுக்கு நடுவே பதினைந்து வருஷம் கிடந்தார். முழங்கை வரைக்கும் நீலமும் சிவப்பும் ஊறிப்போன கைகள். நூலை ஒரு முறை வெயிலில் தூக்கிப் பார்த்தால் சாயம் எத்தனை சலவைக்கு நிற்கும் என்று சொல்லிவிடுவார். அதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் அதிகமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்தக் குறைதான் கதை.

அவர் மனைவி ஹாஜரா பீவி பம்பாயிலேயே பிறந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவியில் தோல் பதனிடப் போன குடும்பம். மாஹிம் உப்பங்கழியின் ஓரத்தில் வீடு. பிறந்த நாளிலிருந்து வாசலில் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவர், தமிழ் தேசத்தை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பம்பாயில் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் மில்லிலிருந்து கடிதம் போனதும் ராவுத்தர் மூட்டை கட்டிவிட்டார். ரயிலடியில் ஹாஜராவின் அண்ணன் ஷேக் தாவூது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பங்குனி வாக்கில் நானே வந்து பார்ப்பேன், தங்கச்சிக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவளையும் குழந்தையையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். ராவுத்தரும் சரியென்று தலையாட்டியிருக்கிறார்.

மூன்று நாள் ரயில் பயணத்துக்குப் பிறகு காஜிமார் தெருவில் குடித்தனம் வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். கடல் எங்கே என்று ஹாஜரா முதல் நாளே கேட்டார். ராமநாதபுரம் தாண்டி என்று ராவுத்தர் சொன்னார். ராமநாதபுரம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. சோறு மட்டும் இறங்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்று ராத்திரியெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். மூன்று மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். ஏழு வயது மகள் ஜெயினம்பு மட்டும் தெருப் பிள்ளைகளோடு கலந்து, வந்த வாரமே மதுரைக்காரியாகிவிட்டாள்.

ராவுத்தர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். வீடு மாற்ற வேண்டும், நீங்களும் கூட வரவேண்டும் சாமி என்றார். எனக்கு ஊரைச் சுற்றி இருக்கிற கிராமங்களெல்லாம் தெரியும் என்று ஒரு பெயர் இருந்தது. இரண்டே நிபந்தனை. வாசலில் நின்றால் தண்ணீர் தெரிய வேண்டும். மில் சங்கு காதில் விழ வேண்டும். இரண்டாவது ஏன் என்றால், கடிகாரம் வாங்க வக்கில்லாத எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஆறு மணிக்கு ஊதும் முதல் சங்குதான் பொழுது. அது கேட்கிற தூரத்தில் வீடு இருந்தால் ஏழு மணிச் சங்குக்குள் சைக்கிளில் வந்து சேர்ந்துவிடலாம். அது கேட்காத தூரத்தில் குடியிருந்தவன் எவனும் ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் நிலைத்ததில்லை. டைம் ஆபீஸில் இருக்கிறவன் சொல்கிறேன்.

ஞாயிறுதோறும் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஆரப்பாளையத்தில் வைகைக் கரையில் ஒரு வீடு பார்த்தோம். ஆறு இருந்தது, மணலாக. அலங்காநல்லூர்ப் பக்கம் போனோம். பச்சைப் பசேலென்ற ஊர். ஆனால் பத்து மைல், சங்கு கேட்க வாய்ப்பே இல்லை. அங்கே தண்ணீர் என்று காட்டியதும் ஒரு வாய்க்கால்தான். இதை ஹாஜரா ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவாள் என்று ராவுத்தர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் காளவாசல் தாண்டி, சுண்ணாம்புச் சூளைகளையெல்லாம் கடந்து, மேற்கே நாலரை மைலில் நெடுங்கரை என்ற ஊருக்குப் போனோம். அது கார்த்திகை மாதம். நல்ல மழை பெய்து முடிந்திருந்தது.

நெடுங்கரைக் கண்மாயை அன்று பார்த்தவன் யாராயிருந்தாலும் ஏமாந்துதான் போவான். அக்கரை தெரியவில்லை. காற்றில் அலை எழும்பிக் கரைக்கல்லில் மோதிக்கொண்டிருந்தது. கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் சத்தத்தோடு வெளியே விழுந்துகொண்டிருந்தது. கலுங்குக்குப் பக்கத்து மேட்டில் காசிமாயன் என்பவருக்கு ஒரு ஓட்டுவீடு காலியாக இருந்தது. காசிமாயன் அந்த ஊரின் நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. வாசலில் நின்றால் மேற்கே பூராவும் தண்ணீர்தான்.

மறு ஞாயிறு ராவுத்தர் மனைவியை வண்டி வைத்துக் கூட்டிப்போனார். நானும் போனேன். வண்டி கரையேறியதும் அந்த அம்மாள் இறங்கி நின்றார். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு, “மீன் இருக்குமா?” என்று கேட்டார். அன்றே வாடகை பேசி முடித்துவிட்டோம்.

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்மாய் வற்றும் என்று மதுரைச் சீமையில் பிறந்த ஆடுமாட்டுக்குக்கூடத் தெரியும். தையில் பயிருக்குத் திறந்துவிட்டால் மாசியில் பாதியாகும். பங்குனியில் சேறு. சித்திரையில் உள்ளே மாடு மேயும். காசிமாயன் வாடகை பேசும்போதே அதைச் சொல்ல வாயெடுத்தார். ராவுத்தர் அவர் கையை அமுக்கிவிட்டார். வெளியே கூட்டிப்போய், வீட்டில் ஒன்றும் சொல்லவேண்டாம் அண்ணே என்று கெஞ்சினார். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். தண்ணீர் வற்றுவதை எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும் என்று கேட்டேன். அதற்குள் அவளுக்கு ஊர் பழகிவிடும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நானும் அந்த முட்டாள்தனத்தில் பாதிப் பங்குக்காரன்.

முதல் மாதம் சொர்க்கம். ஹாஜரா சாப்பிட ஆரம்பித்தார், தூங்க ஆரம்பித்தார். முதல் சங்கு கிழக்கே வயல்களின்மேல் மெலிசாக மிதந்து வரும். அதற்குள் ராவுத்தரின் தூக்குச்சட்டியில் சோறு தயாராக இருக்கும். மில்லில் அவர் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

தை பிறந்தது. காசிமாயன் மடையைத் திறந்தார். அன்றோடு ராவுத்தரின் தூக்கம் போயிற்று.

மடைக்கல்லில் அவர் ஒரு கரிக்கோடு போட்டுவைத்திருந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று விரலை வைத்து அளப்பார். மில்லுக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் கணக்கு ஒப்பிப்பார். இன்றைக்கு மூன்று விரல் சாமி. இன்றைக்கு நாலு விரல். பங்குனியில் மச்சான் வருவதற்குள் அரை ஆள் ஆழமாவது நிற்குமா என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? நிற்கும் என்பேன்.

ஒருநாள் மடையைக் கொஞ்சம் சின்னதாகத் திறக்கக்கூடாதா என்று காசிமாயனிடமே கேட்டிருக்கிறார். ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருப்பதற்காக ஊர்ப்பயிரைக் காயப்போடச் சொல்கிறீரா என்று அவர் சிரித்தாராம். கோபப்படாமல் சிரித்ததே பெரிய காரியம். மாசியில் ஊரெல்லாம் கதிர் அறுத்துக் களத்தில் போட்டிருக்கும்போது, மழை வரவேண்டும் என்று ராவுத்தர் பள்ளிவாசலில் துஆ கேட்டார். ஜில்லாவிலேயே அந்த மாதம் மழை வேண்டியவர் அவர் ஒருவர்தான். நல்லவேளை, ஆண்டவன் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நெடுங்கரைக்காரர்கள் அவரை மடைக்குள் வைத்து அடைத்திருப்பார்கள்.

நாளுக்கு நாள் தண்ணீர் வாசலைவிட்டு விலகிப் போனது. அரை பர்லாங் போயிற்று. ஒரு பர்லாங் போயிற்று. ஹாஜரா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ராவுத்தரை அரித்தது.

“கேக்க மாட்டேங்குறா சாமி. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா. கேட்டுட்டா ஏதாச்சும் சொல்லிருவேன்” என்றார். அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்பு மனைவி இளைத்ததுபோல் இப்போது புருஷன் இளைத்துக்கொண்டிருந்தார்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் ஹாஜரா அவரிடம் ஒரு கவரைக் கொடுத்து, அண்ணனுக்குத் தபாலில் போடச் சொன்னார். அந்த அம்மாள் எழுதுவது அரபுத்தமிழ். தமிழைத்தான் எழுதுவார், எழுத்து மட்டும் அரபு. ராவுத்தருக்கு அந்த எழுத்து ஓடாது. குர்ஆன் ஓதப் போன இடத்திலிருந்து பாதியிலேயே ஓடிவந்தவர் அவர். கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலரை மைல் சைக்கிள் மிதித்து வந்து, என் முன்னால் நீட்டினார். என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று எழுதியிருக்கிறாள், அதை நானே கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கிறது என்றார். போடாமல் இருந்துவிடலாமா என்றும் கேட்டார். வேண்டாம், அது பாவம் என்றேன். தபாலாபீஸ் வரை நானும் போனேன். பெட்டிக்குள் விட்ட பிறகும் அதன் வாயில் கையை நுழைத்து எட்டுகிறதா என்று பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. பங்குனி மூன்றாம் ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன் என்று ஷேக் தாவூது எழுதியிருந்தார்.

அந்த ஞாயிறு ரயிலடிக்கு நானும் போனேன். ராவுத்தருக்கு ஒரு யோசனை. மச்சானைத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போவது, மகால் பார்க்கவைப்பது, பிரியாணி வாங்கிக்கொடுப்பது, பொழுது சாய்ந்தபின் ஊருக்கு அழைத்துப்போவது. இருட்டில் கண்மாயும் சேறும் ஒன்றுதானே. ஷேக் தாவூது வண்டியிலிருந்து இறங்கினார். ஆறடி உயரம், தாடி, தோல்பட்டறைக்காரரின் கனத்த கைகள். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். முதலில் தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்றார். மகாலும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். ஜட்கா பிடித்தோம்.

ஊர் நெருங்கும்போது கூச்சல் கேட்டது. கரையேறிப் பார்த்தால் கண்மாய்க்குள் ஊரே இருந்தது. அன்று கண்மாய் அழிக்கிற நாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரில் தமுக்கடித்து நாள் சொல்லுவார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஆண், பெண், குஞ்சு குளுவான் எல்லாம் இறங்கி மீன் பிடிக்கும். அடியில்லாத கூடைபோல் ஒன்று வைத்திருப்பார்கள், ஊத்தா என்று பெயர். அதைச் சேற்றில் கவிழ்த்து மேல் வாயால் கையைவிட்டு மீனை எடுப்பார்கள். பிடித்ததை விற்கக்கூடாது, வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மீன் வாடைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஷேக் தாவூது சேற்றைப் பார்த்தார். “மாப்ள, தங்கச்சி தண்ணி பாக்குற வீடுன்னு எழுதுனீங்களே, எது?” என்று கேட்டார். ராவுத்தர் கையை நீட்டிக் காட்டினார். வீடு பூட்டியிருந்தது. போய்விட்டாள் சாமி என்று முணுமுணுத்தார். எங்கே போவார், அண்ணன் இங்கே நிற்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது காசிமாயன் கீழேயிருந்து கூப்பிட்டு, கையை உள்ளே காட்டினார். நட்டநடுக் கண்மாயில் பெண்கள் கூட்டத்துக்கு முன்னால், முக்காட்டைத் தலையோடு முடிந்து, புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைகிறது. அவர் மட்டும் பாதத்தைச் சாய்த்துச் சறுக்கினாற்போல் வைத்து நடக்கிறார், புதையவே இல்லை. ஊத்தாகூட இல்லை, கையாலேயே துழாவி ஒரு முழ நீள விராலைத் தூக்கினார். பக்கத்தில் ஜெயினம்பு உடம்பெல்லாம் சேறாக நின்று கைகொட்டினாள். இந்த அம்மா சேத்துல நடக்க எங்கே படித்தது என்று காசிமாயன் வியந்துபோனார்.

அண்ணனைப் பார்த்ததும் ஹாஜரா கரைக்கு வந்தார். ராவுத்தர் அவர் மூச்சு வாங்குவதற்குக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே, மச்சான், காசிமாயன், ஜட்காக்காரன் எல்லார் முன்னிலையிலும் கொட்டிவிட்டார்.

“வத்தும்னு எனக்கு மொதல்லயே தெரியும் ஹாஜரா. தெரிஞ்சேதான் சொல்லல. சொன்னா நீ வரமாட்டேன்னு பயந்துபோயி மறைச்சுட்டேன்.”

அந்த அம்மாள் கையிலிருந்த மீனைக் கீழே போட்டார்.

“இதுக்குத்தானா? மூணு மாசமா இதுக்குத்தானா தூங்காம கெடந்தீங்க?” என்றார். “மாஹிம்ல தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போவும், ரெண்டு தடவ வரும். படகெல்லாம் சேத்துல படுத்துக் கெடக்கும். நீங்க பதினஞ்சு வருசம் அங்க இருந்தீங்க, ஒரு நாளு நின்னு பாக்கலியா? இது வருசத்துக்கு ஒரு தடவ போவுது. ஐப்பசில வந்துரும்னு காசிமாயண்ணே சம்சாரம் சொன்னாக. தண்ணின்னா போவும், வரும். அதுக்கா பயந்தீங்க?”

எனக்கு ராவுத்தர்மேல் இரக்கமும் வந்தது, ஓங்கி ஒன்று போடலாம் என்றும் வந்தது. ஷேக் தாவூது மெதுவாகச் சொன்னார், தங்கச்சி கடிதத்தில் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையாம். இவர் விடியுமுன்னே எழுந்து போகிறார், சாப்பிடுவதில்லை, கேட்டால் சிரிக்கிறார், வேலை போய்விட்டதோ, உடம்பில் ஏதும் வியாதியோ, எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது, நீ வந்து கேள் அண்ணே என்றுதான் எழுதியிருந்ததாம். மாப்பிள்ளையைக் காப்பாற்ற மூன்று நாள் ரயிலில் வந்திருக்கிறார் மனிதர். அவரைத்தான் நாங்கள் யமனாக நினைத்து எதிர்கொண்டழைத்தோம்.

ஹாஜரா அழுதார். சந்தோஷத்தில்தான். சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சேறாகி, அழுகையும் சிரிப்புமாக நின்றார்.

“எனக்கு இந்த எடம் போதும். ஆனா இனிமே எது வத்துனாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லிருங்க. தனியா வச்சுக்கிட்டுத் திரியாதீங்க” என்றார்.

சொல்கிறேன் என்றார் ராவுத்தர். ஷேக் தாவூது செருப்பைக் கழற்றி ஜட்காவில் வைத்துவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கினார். நாலு நாள் தங்கி, மீனாகச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் ரயிலேறினார்.

கண்மாய் அந்த ஐப்பசியிலும் நிறைந்தது. அதற்குப் பிறகும் நாலு தடவை வற்றி, மூன்று தடவை நிறைந்தது. ராவுத்தர் விரல் வைத்து அளப்பதை விட்டுவிட்டார். பிறகு யுத்தம் வந்தது. எங்கள் மில்லுக்குச் சாயமெல்லாம் ஜெர்மனியிலிருந்துதான். இருந்த இருப்பு தீர்ந்ததும், 1940இல் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, சாயப் பகுதியை மறு உத்தரவு வரை மூடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டியவன் நான்தான். முப்பத்திரண்டு பேர். அவர்களில் பலர் வீட்டில் சொல்ல அஞ்சி, வாரக்கணக்கில் தூக்குச்சட்டியோடு காலையில் கிளம்பி, வைகை மணலில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினார்கள்.

ராவுத்தர் நோட்டீஸை ஒரு தடவை படித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆள் என்ன ஆனாரோ என்று எனக்குப் பகலெல்லாம் வேலை ஓடவில்லை. சாயங்காலம் நெடுங்கரைக்குப் போனேன். கலுங்குக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கே வந்து சொல்லிவிட்டார் என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். ஏதோ மெடல் வாங்கியவரின் மனைவி மாதிரி சொன்னார்.

“நேரா வீட்டுக்கு வந்துட்டேன் சாமி. வழியில எங்கயும் நிக்கல” என்றார் ராவுத்தர்.